ஹைட்ரா துறைமுகத்தில் ஒரு நாமக்கல் லாரி

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீடு வந்து சேர்ந்தோம். இன்றைக்குப் புதன். இன்னும் வீடு ஆடுகிறது. பல் தேய்க்கும்போது ஒரு கையால் வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்கிறேன். காலையில் பால் பாத்திரம் வழுக்கி விழாமலிருக்க அடுப்புக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து மகள் வீடியோ எடுத்திருக்கிறாள். அதை யாருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாள் என்று தெரிந்த பிறகு அவளோடு பேசிக்கொள்கிறேன்.

எல்லாம் வெள்ளிவிழா கொண்டாட்டம்தான். 25 வருஷம். ஒரு மூக்குத்தி என்று ஜனவரியிலிருந்து நான் ஜாடைமாடையாகச் சொல்லிவந்தேன். இவர் பாய்மரப் படகு ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார். கிரேக்கத் தீவுகளாம். நீயும் நானும் மட்டுமாம். ஹாம்பர்க் வந்ததிலிருந்து சனிக்கிழமைதோறும் ஆல்ஸ்டர் ஏரியில் வாத்துகளோடு வாத்தாக மிதந்து, பரீட்சை எழுதி உரிமம் வாங்கினாரே, அது இதற்குத்தான் என்று அப்போது எனக்குத் தெரியாமல் போயிற்று.

இதில் ஒரு வில்லங்கம். கிரேக்கத்தில் படகு கொடுப்பவர்கள் ஓட்டுகிறவரின் உரிமத்தை மட்டும் பார்ப்பதில்லை. கூட வருகிற ஒருவருக்காவது படகு விஷயம் தெரியும் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். நான் போட்டேன். எங்கள் தாத்தா தூத்துக்குடியிலிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு தோணியில் கொழும்புக்குப் போய்வந்தவர். அந்தத் தெம்பில் போட்டேன். நான் கடலைப் பார்த்ததெல்லாம் ரோச் பூங்காவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டபோது என்பது அந்தப் படிவத்தில் கேட்கப்படவில்லை. இவரோ நாமக்கல். அந்த ஊருக்குத் தெரிந்த தண்ணீர் ரேடியேட்டரில் ஊற்றுகிற தண்ணீர். ஆக, கடல்காரி கூடமாட, லாரிக்காரர் கேப்டன்.

மகள் எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தடை உத்தரவு போட்டாள். சைக்ளேட்ஸ் தீவுகள் பக்கம் போகக் கூடாது, மெல்தெமி அடிக்கும். மெல்தெமி நம்ம வாடைக்காற்றின் ஒன்றுவிட்ட அண்ணன். நம்முடையது ஐப்பசி கார்த்திகையில் வந்தால், அது ஜூலை ஆகஸ்டில் மேகமே இல்லாத வானத்திலிருந்து வந்து அறைகிறது. அதனால் ஜூன் மாதம், ஏதென்ஸ் பக்கத்திலேயே சரோனிக் வளைகுடா, ஏஜினா, போரோஸ், ஹைட்ரா என்று முடிவாயிற்று. புறப்படும்போது கையில் ஒரு பொட்டலம் கொடுத்தாள். காதில் மாட்டிக்கொண்டு பேசுகிற ஒயர்லெஸ் ஜோடி. முன்னாடி நங்கூரத்திடம் நிற்பவருக்கும் பின்னாடி சுக்கானைப் பிடிப்பவருக்கும் பேச்சுக் கேட்காது என்பதால் படகுத் தம்பதிகள் எல்லாரும் வாங்குவார்களாம். படகுக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் 'கல்யாண ரட்சகன்'. பெற்ற மகள் இப்படியொரு பரிசு கொடுக்கிறாள் என்றால் வீட்டில் எங்கள் சத்தம் எந்த அளவில் இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள்தான் எங்கள் கொலுவுக்கு வந்திருக்கிறீர்களே.

ரட்சகனில் ஒன்று ஏஜினாவுக்கு வெளியே கடலுக்குள் போயிற்று. கேப்டன் குனிந்து கயிறு எடுத்தபோது காதிலிருந்து நழுவியது. நான் பார்த்தேன். சொல்லத்தான் நேரமில்லை, வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏதென்ஸ் பக்கத்து அலிமோஸ் துறையிலிருந்து ஏஜினா சுமார் 15 கடல் மைல். எங்கள் படகு மணிக்கு 5 கடல் மைல், அதாவது ஒன்பதே சொச்சம் கிலோமீட்டர். நம்ம ஊர்ப் பால்காரர் சைக்கிளில் இதைவிட வேகமாகப் போவார், பால் சிந்தாமலும் போவார். போய்ச் சேர்ந்ததும் கரையில் ஒரு பெரியவர் நிற்கிறார். அவருக்கு முன்னால் ஒரு படகு நுழைகிற இடம். இவர் கையைக் காட்டி, "இங்க விடலாமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். பெரியவர் சிரித்தபடி, "நே, நே" என்றார்.

ஹாம்பர்க்கில் இருபது வருஷம் குடியிருக்கிறவர்களுக்கு 'நே' என்றால் என்ன? இல்லை, கிடையாது, போய்யா. இவர் நன்றி சொல்லிவிட்டு ஒரு வட்டம் போட்டார். அடுத்த இடம் தேடினார். கிடைக்கவில்லை. திரும்பி வந்தார். பெரியவர் இன்னும் உற்சாகமாக, "நே! நே!" என்று இரண்டு கையாலும் கூப்பிட்டார். "பாரு அம்மிணி, வேண்டாங்கறத எவ்ளோ மரியாதையா சொல்றாரு" என்று இன்னொரு வட்டம். கிரேக்கத்தில் 'நே' என்றால் ஆமாம். 'இல்லை'க்கு 'ஓஹி' என்கிறார்கள், அது காதில் 'ஓகே' என்று விழுகிறது. ஒரு தேசமே நம்மைக் குழப்புவதற்கென்று உட்கார்ந்து யோசித்தது மாதிரி. எனக்குப் புரிந்த ஒன்றே ஒன்று, அவர்கள் முகத்தை லேசாகத் தூக்கி 'ம்ச்' கொட்டினால் இல்லை என்று அர்த்தம். எங்கள் அத்தையும் அப்படித்தான்.

ஏஜினாவில் அரைக்கிலோ பிஸ்தா வாங்கினோம். பிஸ்தாதான் அந்த ஊருக்கு எல்லாம். சுதந்திரம் வாங்கின புதிதில், 1828 வாக்கில், அதுதான் கிரேக்கத்துக்கே தலைநகரமாக இருந்ததாம். இவர் அஃபையா கோயில் என்று கிளம்பினார். 2,500 வருஷத்துக் கோயில், தூண்கள் அப்படியே நிற்கின்றனவாம். நான் வரவில்லை. எனக்கு அன்றைக்கு எந்தத் தூணும் நிற்பதாகத் தெரியவில்லை.

கழிப்பறையைப் பற்றிச் சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன். முடியாது. கைப்பம்பு. முதலில் ஒரு குமிழைத் திருப்பிக் கடல்தண்ணீரை உள்ளே இழுத்து, பிறகு மறுபக்கம் திருப்பி வெளியே தள்ள வேண்டும். காகிதம் உள்ளே போகவே கூடாது. கேப்டன் சட்டம்: பம்பை இருபது தடவை அடிக்க வேண்டும். இரண்டடிக்கு அந்தப் பக்கம் ஆள் படுக்கிற இடம். நான் அடிப்பதை இவர் வெளியே எண்ணுவார். "அம்மிணி, பதினேழுதான் ஆச்சு." வெள்ளிவிழா.

போரோஸில் குக்கர் விவகாரம். பருப்புப் பொடியும் ஊறுகாயும் கொண்டு வந்தேன் என்றால், சின்னக் குக்கரையும் கொண்டு வந்திருப்பேன் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். படகு அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்குகிறது. படகு சாய்ந்தாலும் அது நிமிர்ந்தே நிற்கும். அந்த அடுப்பைப் படகோடு விட்டுவிட்டு வந்ததில் எனக்கு வருத்தம்தான். சாயங்காலம், ஊர் அமைதியாக இருக்கிறது, மேலே மணிக்கூண்டு, எதிரே கூப்பிடு தூரத்தில் கலாதாஸ் ஊரின் விளக்குகள். மூன்று விசில் விடலாம் என்று குக்கரை வைத்தேன். முதல் விசிலுக்கே பக்கத்துப் படகில் கேஸ் கசிகிறது என்று ஆள் தண்ணீருக்குள் குதிக்கத் தயாராகிவிட்டார். இரண்டாவது விசிலுக்குத் தீயணைப்புக் கருவியோடு ஒருவர். மூன்றாவது விசிலை நான் விடவில்லை. பருப்பு வேகவில்லை.

அந்தப் போரோஸில்தான் டெமாஸ்தனிஸ் செத்துப்போனார், கி.மு. 322-இல். பொசைடன் கோயிலில் அடைக்கலம் புகுந்து, பிடிக்க வந்தவர்கள் கையில் சிக்காமல் விஷம் குடித்துவிட்டாராம். பெரிய பேச்சாளர். சின்ன வயதில் திக்குவாயாம். வாயில் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டும், கடற்கரையில் அலைச்சத்தத்துக்கு மேலே கத்தியும் பேசிப் பழகினார் என்று கதை. நாங்கள் மறுநாள் ஹைட்ராவில் செய்தது அதேதான். கூழாங்கல் மட்டும் இல்லை.

ஹைட்ராவை அந்த ஊர்க்காரர்கள் இத்ரா என்கிறார்கள். கார் கிடையாது, பைக் கிடையாது. பெட்டி, சிமென்ட் மூட்டை, ஃபிரிட்ஜ் எல்லாமே கழுதை முதுகிலும் கோவேறு கழுதை முதுகிலும்தான் மாடிப்படிச் சந்துகளில் ஏறுகிறது. 1821 சுதந்திரப் போரில் துருக்கிக் கப்பல்களை விரட்டிய கடற்படைத் தலைவர் மியாவுலிஸ் இந்த ஊரோடு சேர்ந்த பெயர். அப்பேர்ப்பட்ட கேப்டன்களின் ஊரில், குதிரை லாடம் மாதிரி ஒரு குட்டித் துறைமுகம். சுற்றிலும் ஹோட்டல் நாற்காலிகள். நாற்காலிகள் எல்லாம் தண்ணீரைப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள். ஏன் என்று பத்து நிமிஷத்தில் புரிந்தது. படம் ஓட்டுவது நாங்கள்.

அங்கே படகை நிறுத்துவது எப்படி என்றால், கரையிலிருந்து நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி நங்கூரத்தைப் போட்டு, சங்கிலியை விட்டுக்கொண்டே ரிவர்ஸில் வந்து, இரண்டு படகுக்கு நடுவே பின்பக்கத்தைக் கரையில் செருக வேண்டும். ரிவர்ஸ் போட்டால் படகின் பின்பக்கம் தன்னிஷ்டத்துக்கு ஒரு பக்கம் இழுக்கும். வேகம் வரும்வரை சுக்கான் பேச்சைக் கேட்காது. வேகம் வந்தபின் பிரேக் கிடையாது. பக்கவாட்டில் காற்று. நான் முன்னால் அணியத்தில், சங்கிலியின் பட்டனோடு. இவர் பத்து மீட்டர் பின்னால்.

"போடு!"

"என்னது?"

"போடு, போடு!"

"போடவா, போடாதன்னு சொல்றீங்களா?"

முதல் தடவை நங்கூரம் அரைமணி தாமதமாக விழுந்தது. அதாவது இவர் கணக்கில் அரைமணி, என் கணக்கில் நாலு செகண்டு. இரண்டாவது தடவை காற்று முன்பக்கத்தைத் தள்ளி, குறுக்கே போய் ஒரு பளபளப்பான படகின் மூக்கோடு மூக்கு உரசப் பார்த்தோம். அந்தப் படகில் எழுபது தாண்டிய ஒரு கிழவர், கிழவி. எங்களுக்குச் சற்று முன்னால்தான் வந்து நிறுத்தினார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. கிழவி ஒரு விரலைக் காட்டினார், கிழவர் வந்தார். கையை மூடினார், நின்றார். அவ்வளவுதான், டீ போட உள்ளே போய்விட்டார்கள். இப்போது கிழவி டீயைக் கீழே வைத்துவிட்டுக் காற்றுக் குஷன் ஒன்றை எங்களுக்கு நடுவே பிடித்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை, புன்னகை செய்தார்.

நாற்காலிகளில் போன்கள் உயர்ந்துவிட்டன.

மூன்றாவது தடவை நாற்பது மீட்டர் சங்கிலியை இறக்கிவிட்டு, நான் பட்டனைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். கம்பியைப் பிடித்துக் கரையைப் பார்த்து நின்றேன். இடதுபக்கம் கிழவர் படகு, வலதுபக்கம் இன்னொருவர் படகு, நடுவில் எங்களுக்குச் சாண் இடம். இவர் முகம் வெளுத்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் இருந்த இங்கிலீஷ், ஜெர்மன் கட்டளை ஒன்றும் எனக்கு வரவில்லை. நாமக்கல் மாமனார் வீட்டு வாசல்தான் வந்தது. ராத்திரி ரெண்டு மணிக்குச் சரக்கு இறக்கிவிட்டு வண்டி திரும்பினால், தெருவே எழுந்திருக்கிற மாதிரி ஒரு குரல் வருமே.

"வா... வா... வா... வா..."

இவர் திரும்பிப் பார்த்தார்.

"லெஃப்ட்ல ஒடி! ஒடி, ஒடி... நேராக்கு. வா... வரட்டும், வரட்டும்... ரைட்ல சேத்து... வா... வா... ஹோல்டான்! ஹோல்டான்!"

படகு நின்றது. கரைக்கும் எங்களுக்கும் ஒரு முழம். தூத்துக்குடித் தோணிக்காரர் பேத்தி என் வாயில் நாமக்கல் கிளீனர். கையைத் தூக்கிப் படகின் முதுகில் பட்பட் என்று இரண்டு தட்டு தட்டினேன். "ரைட்!" ஹோட்டல்காரர்களில் பாதிப்பேர் கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து நின்று "ஓல்தான்!" என்றார். சாயங்காலம் வரை அந்தத் தெருவில் பையன்கள் கழுதைகளைப் பார்த்து 'ஓல்தான்' என்று கத்திக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். ஹைட்ராவில் தமிழ் வளர்த்தவள் நான். விருது எதுவும் வேண்டாம்.

கிழவிக்கு அம்மா கொடுத்துவிட்ட மக்ரூன் பாக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பதிலுக்கு அந்த ஊர் பாதாம் இனிப்பு கொடுத்தார், அமிக்தலோதா. பன்னீர் வாசனை, வெள்ளை வெளேரென்று சர்க்கரை. நம்முடையதில் முந்திரி, அதில் பாதாம். நம்முடையதுதான் ஒசத்தி, அதைக் கிழவியிடம் சொல்லவில்லை.

ராத்திரி இவர் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் பிஸ்தா உரித்துக்கொண்டிருந்தார். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு என்று ஒரு கேள்வி இல்லை. பிறகு தானாக ஆரம்பித்தார். "அப்பா சின்ன சந்துல வண்டிய எடுக்கறப்ப கிளீனர் இல்லைன்னா என்னையத்தான் பின்னாடி நிறுத்துவாரு. ஒன்பது வயசு. நான் சொல்றது எஞ்சின் சத்தத்துல அவருக்குக் கேக்காமப் போயிட்டா நான் அடியில போயிருவேனோன்னு பயம். உசுரக் குடுத்துக் கத்துவேன். பழகிருச்சு."

மாமா போய் பதினோரு வருஷம் ஆகிறது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் இதை இவர் சொன்னதே இல்லை. சத்தம் போடுகிற மனுஷன் என்று மட்டும்தான் நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். உரித்த பிஸ்தாவை என் பக்கம் தள்ளி வைத்தார். எண்ணித்தான் தள்ளினார், அது வேறு.

மறுநாள் காலையில் எங்கள் நங்கூரம் இன்னொருவர் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஹைட்ராவில் அது தினப்படி சங்கதியாம். நான் அணியத்தில் குப்புறப் படுத்து, அந்தச் சங்கிலிக்கு அடியில் ஒரு கயிற்றை விட்டுக் கட்டி, எங்கள் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கி, அது கழன்றதும் கயிற்றை உருவிவிட்டேன். தாத்தாவே மேலிருந்து பார்த்திருப்பார். இவர் பின்னாலிருந்து, "ஆச்சா, ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கத்தித்தான் கேட்டார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேற்றுக் கடைக்குப் போனோம். நல்ல மழை. கார் நிறுத்துமிடத்தில் ஒரு இடம் இருந்தது. எங்கள் காரில் பின்பக்கக் கேமரா உண்டு, பீப் பீப் என்று கத்துகிற சென்சார் உண்டு. இவர் ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்க்கிறார். குடை வேறு எடுத்து வரவில்லை. இறங்கினேன். தள்ளுவண்டியோடு ஒரு ஜெர்மன் பாட்டி நின்று வேடிக்கை பார்க்க, நனைந்துகொண்டே, "வா... வா... ரைட்ல ஒடி... வரட்டும்... ஹோல்டான்!" என்று கூப்பிட்டு நிறுத்தி, வண்டியின் முதுகில் பட்பட் என்று தட்டினேன்.

கண்ணாடியை இறக்கினார். "மெதுவாத் தட்டு அம்மிணி, இது வாடகைப் படகு இல்ல. பள்ளம் விழுந்துரும்" என்கிறார்.