அரைச்ச மாவுதான், ஆனா வில் வேற

புதுசா ஏதாவது வயலின் ஆல்பம் வந்திருக்கான்னு தேடுனா முக்கால்வாசி பழைய பேருதான் வரும். பாக், பீத்தோவன், திரும்பவும் பாக். எனக்கு இது ரொம்ப நாளா கடுப்பு, 1720-ல பாக் எழுதி முடிச்ச ஆறு வயலின் சோலோ, அதை இன்னும் எத்தனை பேருதான் ரெக்கார்ட் பண்ணுவாங்க, அரைச்ச மாவையே அரைக்கிறாங்களேன்னு.

அது மாறுனது அகஸ்டின் ஹாடலிக்ங்கற வயலின்காரர் அந்த ஆறையும் வாசிச்ச பாக் செட் (2021) கேட்டப்பதான். வயலின் மாடர்ன் வயலின்தான், ஆனா கையில பிடிச்சது பரோக் வில், அதாவது பாக் காலத்து வில். இப்ப எல்லாரும் வச்சிருக்கற வில்லுல கட்டை, தந்தியை உரசுற முடி பக்கமா உள்ள வளைஞ்சிருக்கும், பழைய வில் நேரா இல்லன்னா வெளிப்பக்கமா வளைஞ்சிருக்கும், வெயிட்டும் கம்மி, நுனிக்கு போக போக சத்தம் தானாவே தேஞ்சிரும். அதனால ஒவ்வொரு நோட்டுக்கும் நடுவுல ஒரு சின்ன மூச்சு கிடைக்குது. ஜீக், கவாட் மாதிரி டான்ஸ் பீஸ்லாம் உண்மையிலேயே கால் ஆடுற மாதிரி இருக்கு.

இன்னொரு விஷயம் கார்டு, அதாவது பல நோட்டை ஒண்ணா சேத்து வாசிக்கறது. வயலின் பிரிட்ஜ் வளைஞ்சிருக்கறதால நாலு தந்தியையும் ஒண்ணா இழுத்து பிடிச்சு வைக்க முடியாது, உடைச்சுதான் வாசிக்கணும், அந்த உடைக்கிற விதத்துலதான் ஆளுக்கு ஆள் வித்தியாசமே. அந்த ஆறுல ஒண்ணான டி மைனர் பார்ட்டிட்டா கடைசியில சக்கோன்னு ஒரு பகுதி வருமே, கால் மணி நேரம் கிட்ட ஓடும், அதோட ஆரம்ப கார்டை சில பேர் கதவை இடிக்கிற மாதிரி வாசிப்பாங்க (சின்ன வயசுல எனக்கு அதான் பெருசா தெரிஞ்சுது, இப்ப ஒத்துக்கல). ஹாடலிக் அப்படியே விரிச்சு விட்டுட்டு போயிடறாரு.

அடுத்தது வயலின் வாசிக்கற ஹிலரி ஹான். பெல்ஜியத்து வயலின் மேதை யூஜின் இசாயி 1923-ல எழுதுன ஆறு சோலோ சொனாட்டாவை வாசிச்சு சரியா நூறு வருஷம் கழிச்சு 2023-ல வெளியிட்டாங்க. ஹானோட வாத்தியார் யாஷா பிராட்ஸ்கி இசாயிகிட்டயே கத்துக்கிட்டவர், அப்படி பாத்தா இசாயிக்கு ஹான் பேத்தி முறை. இந்த சொனாட்டா ஒவ்வொண்ணையும் ஒரு வயலின்காரருக்குன்னே எழுதியிருக்காரு, மூணாவது எனெஸ்குவுக்கு, நாலாவது கிரைஸ்லருக்கு. எனக்கு பைத்தியம் பிடிச்சது ரெண்டாவது, திபோவுக்கு எழுதுனது. பாக்கோட அந்த ஆறுல ஒண்ணோட ஆரம்ப பகுதியான ஈ மேஜர் பிரிலூட் ஒரு சின்ன துண்டு சாதுவா வரும், உடனே கோவமா ஒரு வெட்டு, திரும்ப பாக், திரும்ப வெட்டு, அப்புறம் சாவுக்கு பாடுற அந்த பழைய லத்தீன் மெட்டு உள்ள நுழைஞ்சுரும். தலைக்குள்ள சிக்கிக்கிட்ட பாட்டை உதற முடியாம ஒருத்தர் தவிக்கிற மாதிரியே இருக்கும். அதே பிரிலூடை ஹான் 1997-ல வந்த அவங்க முதல் ஆல்பத்துலயே வாசிச்சிருக்காங்க, ரெண்டையும் அடுத்தடுத்து போட்டு கேட்டு பாருங்க, சும்மா ஜிவ்வுன்னு இருக்கும்.

குவார்டெட் (ரெண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோன்னு நாலு பேர் வாசிக்கறது) பக்கம் வந்தா டேனிஷ் ஸ்ட்ரிங் குவார்டெட்தான். 2018-ல இருந்து 2023 வரைக்கும் பிரிசம்னு அஞ்சு ஆல்பம் விட்டாங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு பாக், பீத்தோவனோட கடைசி கால குவார்டெட் ஒண்ணு, கூட வேற ஒருத்தரோடது. மூணாவது ஆல்பத்துல பீத்தோவனோட ஓபஸ் 131 குவார்டெட்டையும் பார்டோக்கோட முதல் குவார்டெட்டையும் சேத்து வச்சிருக்காங்க. ரெண்டுமே மெதுவா ஒரு குரலுக்கு பின்னாடி இன்னொரு குரல் நுழையற மாதிரிதான் ஆரம்பிக்கும். தனித்தனியா எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், பக்கத்து பக்கத்துல வச்சதுக்கு அப்புறம்தான் உறைச்சுது.

கியாரோஸ்குரோ குவார்டெட்டையும் விட்டுறாதீங்க, குடல் தந்தி போட்டு ஹைடன் வாசிக்கறவங்க. முதல்ல சத்தம் சின்னதா, கொஞ்சம் கரகரன்னு இருக்கும், பத்து நிமிஷத்துல காது பழகிரும், அப்புறம் ஸ்டீல் தந்தி கேட்டா பளபளன்னு ஒரு மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு புலம்பல். ஓபஸ் 131-ல ஏழு பகுதியும் நிக்காம ஓடணும், நான் கேக்குற ஆப் ஒவ்வொரு டிராக் முடியும்போதும் ஒரு நொடி கப்புன்னு நிறுத்துது. செட்டிங்ஸ்ல எல்லாம் மாத்தி பாத்துட்டேன், ம்ஹூம். கடைசியில ஃபைலா வாங்கி ஏழு டிராக்கையும் ஒண்ணா ஒட்டி வச்சிருக்கேன், நாப்பது நிமிஷம் கிட்ட வருது, நடுவுல போனை தொடறது இல்ல.