இரண்டு கப்பல், ஒரு பனியாறு: அலாஸ்கா நாட்குறிப்பு

ஜனவரி 12, 2025

சாப்பாட்டு மேசையில் இரண்டு தாள்கள் கிடக்கின்றன. இரண்டும் ஏழு இரவுப் பயணம், இரண்டும் ஜூனில் வான்கூவரிலிருந்து புறப்படுகின்றன. முதல் கப்பல் வடக்கே போய் ஸூவர்ட் துறைமுகத்தில் இறக்கிவிடும். வழியில் ஹப்பர்ட் பனியாறு. இரண்டாவது கப்பல் கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாள் முழுக்கப் போய்விட்டு வான்கூவருக்கே திரும்பும். முதலாவது புதிய கப்பல், பெரியது. இரண்டாவது பழையது, சிறியது.

அம்மா ஊரிலிருந்து வரப்போகிறாள், வயது எழுபது. பாம்பனில் கடலைப் பார்த்தே வளர்ந்தவள், பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. இரண்டாம் முறை இவ்வளவு தூரம் அவளால் வர முடியுமா என்பது தெரியாது. அதனால்தான் எனக்கு இவ்வளவு யோசனை.

ஜனவரி 15

என் கணவர் ஹப்பர்ட் பக்கம். நேற்று இரவு வரைபடத்தை விரித்துவைத்து ஒரு மணி நேரம் பேசினார். 122 கிலோமீட்டர் நீளம். கடலைத் தொடும் முகப்பு மட்டும் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் அகலம். உலகில் பெரும்பாலான பனியாறுகள் சுருங்கிக்கொண்டிருக்க, இது நூறு ஆண்டுக்கும் மேலாக முன்னேறி வருகிறது. 1986இல் அது பக்கத்திலிருந்த ரஸல் கடற்கழியின் வாயை அடைத்துவிட்டது. கழி ஏரியாக மாறி, நீர்மட்டம் சுமார் 25 மீட்டர் உயர்ந்தது. உள்ளே அகப்பட்ட சீல்களை மீட்க ஆட்கள் போனார்கள். அக்டோபரில் பனி அணை உடைந்தது. 2002இலும் இதே கதை. "இது வளர்கிற பனியாறு. தேய்கிறதைப் பார்ப்பதைவிட வளர்கிறதைப் பார்த்துவிட்டு வருவோம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எனக்கே மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

ஆனால் அங்கே போக அலாஸ்கா வளைகுடாவின் திறந்த கடலில் செல்ல வேண்டும். அம்மாவுக்கு அலை பழக்கம்; எனக்குத்தான் குமட்டும். இன்னொன்றும் உண்டு. முகப்பிலிருந்து உடைந்த பனிக்கட்டிகள் விரிகுடாவை நிறைத்துவிட்டால் கப்பல் தொலைவிலேயே நின்றுவிடும். அந்த விரிகுடாவுக்கே 'ஏமாற்றம்' என்றுதான் பெயர். 1791இல் வடமேற்குக் கடல்வழியைத் தேடி வந்த ஸ்பானியக் கடலோடி மலஸ்பினா, வழி அடைபட்டிருப்பதைக் கண்டு வைத்த பெயர்.

ஜனவரி 19

இன்று முழுக்க கிளேசியர் பே பற்றிப் படித்தேன். எடுத்தவுடன் மனத்தில் பதிந்தது ஒரு விதி: அந்த விரிகுடாவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பயணிகள் கப்பலுக்கு மேல் விடமாட்டார்கள். காலையில் பூங்கா ரேஞ்சர்கள் சிறு படகில் வந்து, ஓடுகிற கப்பலில் ஏணி பிடித்து ஏறி, மாலைவரை கூடவே இருந்து விளக்கம் சொல்கிறார்கள். விரிகுடாவின் வாயிலிருந்து உள்கோடியிலுள்ள மார்ஜரி பனியாறு வரை 100 கிலோமீட்டருக்கு மேல். அதன் முன்னால் கப்பல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்று, மெல்லச் சுழன்று இரண்டு பக்கத்துக்கும் காட்டும். அப்படியானால் பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வலப்பக்க அறையா, இடப்பக்க அறையா என்ற கவலையும் தீர்ந்தது.

இங்கே பனியின் கதை ஹப்பர்டுக்கு நேர் எதிர். 1794இல் ஜார்ஜ் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கடலோடியின் குழு வந்தபோது இந்த விரிகுடாவே கிடையாது. வாயிலேயே பனிச் சுவர். 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் தோணியில் வந்தபோது பனி பல பத்துக் கிலோமீட்டர் உள்வாங்கியிருந்தது. இப்போது நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான கடல். மனித வரலாற்றில் இது நேற்று நடந்தது போலத்தான்.

கப்பலில் எத்தனை நீச்சல் குளம், எத்தனை உணவகம் என்ற பட்டியலை இன்றோடு மடித்து வைத்துவிட்டேன். பனிக்காகப் போகிறவர்கள் பனிக்கு முன்னால் எத்தனை மணி நேரம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 2

அம்மாவிடம் தொலைபேசியில் இரண்டையும் சொன்னேன். வழக்கம்போல "உங்கள் இஷ்டம், மாப்பிள்ளை சொல்கிற இடத்துக்கே போவோம்" என்றாள். பிறகு பேச்சுவாக்கில் கிளேசியர் பே மக்களின் கதையைச் சொன்னேன்.

ஹூனா டிலிங்கிட் என்னும் பழங்குடியினரின் ஊர் அந்த விரிகுடா இருக்கும் இடத்தில்தான் இருந்தது. 1700களில் பனியாறு முன்னேறி வந்து ஊரை விழுங்கியது. அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதையில், வயதுக்கு வந்ததால் தனியே உட்காரவைக்கப்பட்ட காஸ்டீன் என்ற பெண், சலிப்பில் பனியைக் கூப்பிட்டுவிடுகிறாள். பனி வந்துவிடுகிறது. ஊரே படகேறிக் கிளம்பும்போது ஒருத்தி மட்டும் வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். அது காஸ்டீனே என்று ஒரு வழக்கு. பாட்டி என்று இன்னொரு வழக்கு.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அவளும் குச்சுக்குள் உட்கார்ந்த பிள்ளையா?" என்றாள்.

"ஆமாம் அம்மா."

"கடல் கொண்டதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பனியும் ஊரைக் கொள்ளுமா?"

அம்மாவின் அத்தை வீடு தனுஷ்கோடியில் இருந்தது. 1964 டிசம்பர் புயலின்போது அம்மாவுக்கு ஒன்பது வயது. மணலுக்குள் பாதி புதைந்த தேவாலயச் சுவரைக் காட்டி, "இதற்குப் பின்னால்தான் அத்தையின் அடுப்படி" என்று எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அந்த அத்தை கடைசிவரை பாம்பனில்தான் இருந்தார். ஆனால் யார் கேட்டாலும் சொந்த ஊர் தனுஷ்கோடி என்பார்.

"அந்த ஊருக்கே போவோம்" என்றாள் அம்மா.

பிப்ரவரி 8

அவர் ஒரு சொல்கூட மறுக்கவில்லை. "ஹப்பர்ட் வளர்ந்துகொண்டுதானே இருக்கிறது, இன்னொரு வருடம் போகலாம்" என்றார். அந்த ஏமாற்றத்தை அவர் முகத்தில் பார்த்தேன். அதைக் காட்டிக்கொள்ளாததற்காக அவர்மேல் எனக்கு இன்னும் பிரியம் கூடியது.

செப்டம்பருக்குத் தள்ளிப்போடலாமா என்றும் பேசினோம். உள்ளே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்று இன்னொரு பனியாறு இருக்கிறது. அதன் முன்னால் மிதக்கும் கட்டிகள்மேல்தான் சீல்கள் குட்டி போடும். அதனால் கோடை முழுக்க அந்தக் கழிக்குள் பயணிகள் கப்பல்களுக்கு அனுமதியில்லை; செப்டம்பர் பிறந்த பிறகுதான் போக முடியும். அம்மாவிடம் கேட்டேன். "பிள்ளை பெறுகிற இடத்துக்கு ஆள் போகாமல் இருப்பதுதான் சரி. ஜூனிலேயே போவோம், குளிரும் குறைவு" என்றாள்.

பிப்ரவரி 11

பதிவு செய்தாயிற்று, ஆனால் எளிதாக இல்லை. பயண முகவர் அனுப்பிய தாளில் 'பனியாற்றுக் காட்சி நாள்' என்று மட்டும் இருந்தது. எந்தப் பனியாறு என்று மூன்று முறை கேட்டபிறகுதான், நாங்கள் கேட்ட வாரத்துக்கு முந்தைய வாரத்தில் அதே கப்பல் வேறு இடத்துக்குப் போகிறது என்பதும், அந்த வாரத்துக்குத்தான் எங்களுக்கு இடம் போட்டிருக்கிறார் என்பதும் தெரிந்தது. வயிறு எரிந்தது. திருத்தி வாங்கினேன். கப்பலின் பெயரை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். நாள்வாரியான பயணத் திட்டத்தில் இடத்தின் பெயரைப் பார்த்த பிறகே கட்டுங்கள்.

ஏப்ரல் 27

அம்மா வந்துவிட்டாள். கனடா விசா போன வாரம்தான் கிடைத்தது. கப்பல் வான்கூவரிலிருந்து கிளம்புவதால் அமெரிக்க விசா மட்டும் போதாது. போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை கனடாவுக்குள் நுழைகிறோம். இதை ஜனவரியிலேயே கவனித்தது நல்லதாயிற்று.

ஜூன் 18, கப்பலில்

ஜூனோவும் ஸ்காக்வேயும் முடிந்தன. ஊர்களைப் பற்றி எழுத இன்று பொறுமையில்லை. நாளை விடியற்காலை விரிகுடாவின் வாய்.

ஜூன் 19

காலை ஆறு மணிக்கே அம்மாவை எழுப்பப் போனேன். புடவைக்கு மேல் என் கம்பளிக் கோட்டு, தலையில் மஃப்ளர், காலில் இரண்டு ஜோடி காலுறை என்று தயாராக உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே போகப் போகத் தண்ணீரின் நிறம் மாறியது. கரும்பச்சையாக இருந்தது வெளுத்து, கலங்கி, பால்போலானது. பனி பாறையை அரைத்த மாவு அது. "அரிசி களைந்த தண்ணீர்" என்றாள் அம்மா, பார்த்த உடனே.

மார்ஜரிக்கு முன்னால் கப்பல் நின்றது. பக்கத்தில் கிராண்ட் பசிபிக் பனியாறு, கல்லும் மண்ணும் மூடி, பனி என்றே தெரியாமல் கறுத்துக் கிடந்தது. மார்ஜரியோ நீலம். நெருங்கி இறுகிய பனி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் வரும் நிறம் என்று படித்திருந்தேன். நேரில் பார்த்தபோது, புதிதாய்ப் பிளந்த இடங்களில் அந்த நீலம் உள்ளிருந்து எரிவதுபோல் இருந்தது. முகப்பில் ஒரு தூண் மெதுவாகச் சாய்ந்தது. தண்ணீர் எழும்பிய பிறகுதான் சத்தம் வந்தது, இடி போல. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அடுத்ததுக்காக இருவரும் அசையாமல் நின்றோம். முட்டிவலி என்று அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

பிற்பகலில் ரேஞ்சரிடம் கேட்கச் சொன்னாள்: "இங்கே இருந்தவர்கள் எந்தப் பக்கம் போனார்கள்?" நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் வரைபடத்தைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் விரித்து, வாயைத் தாண்டி நீரிணைக்கு அக்கரையில் ஹூனா என்ற ஊரில் விரலை வைத்தார். 2016இல் அவர்களுக்காக விரிகுடாவின் கரையில், பார்ட்லெட் கோவ் என்ற இடத்தில், குலவீடு ஒன்று கட்டித் திறந்ததையும் சொன்னார். அம்மா அந்த இடத்தையும் காட்டச் சொல்லி, இரண்டு புள்ளிகளுக்கும் இடையே விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள்.

மாலையில் ரேஞ்சர்கள் இறங்கிப் போனார்கள். கப்பல் நீரிணையில் கிழக்கே திரும்பியது. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். வெளிச்சம் இன்னும் நிறைய இருந்தது. அம்மா தன் நாற்காலியை வலப்பக்கக் கண்ணாடியோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். ஊர் கண்ணுக்குத் தெரியாது, மலை மட்டும்தான் தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"மலை தெரிந்தால் போதும். சாப்பாட்டை இங்கேயே கொண்டு வந்துவிடு" என்றாள்.