புதன், ஐந்து மணி

அக்டோபர் 18, புதன்
ஐந்து மணிக்குப் பியானோ படிக்கும் பையன் வரவில்லை. ஆறேகால் வரை வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருந்தேன்.

அக்டோபர் 20, வெள்ளி
பியானோவில் நடு சி கட்டைக்குக் கீழே உள்ள டி கட்டை மறுபடி ஒட்டுகிறது. அமுக்கினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. மழை ஈரம் பட்டால் கட்டைகளுக்குள் இருக்கும் ஃபெல்ட் ஊதிக்கொள்ளும், மரமும் வீங்கும். 88இல் 87 ஒழுங்காக இருக்கின்றன, ஆனால் இடக்கைக்கான ஆரம்பப் பாடத்தில் அந்த டி இல்லாத வரியே கிடையாது. கீழ்ப் பலகையைக் கழற்றி ஈரம் காய உள்ளே ஒரு 15 வாட் பல்பை எரியவிட்டேன். அந்துருண்டையும் புதிது. போன வருடம் எலி ஃபெல்ட்டைக் கடித்து உள்ளேயே குட்டி போட்டுவிட்டது.

அக்டோபர் 23, திங்கள்
சரஸ்வதி பூஜை. அம்மா பியானோ மூடி மேல் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். இன்று யாரும் தொடக்கூடாது. சுண்டல் வாங்க வந்த சனி பத்து மணி மாணவி, மூடியையே சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரே ஒரு டிங் அடித்துக்கொள்ளட்டுமா என்று மூன்று முறை கேட்டாள். மற்ற 364 நாளும் நான்தான் அவளிடம் கெஞ்சுகிறேன்.

அக்டோபர் 24, செவ்வாய்
விஜயதசமி. புதிதாக மூன்று பேர். ஒருவருக்கு வயது 41. "லேட் ஆயிடுச்சா மேடம்?" என்றார். இளையராஜா மேற்கத்திய இசை கற்க தன்ராஜ் மாஸ்டரிடம் போய் உட்கார்ந்தது 1968இல், அப்போது அவருக்கு 25 என்றேன். அது இவருக்கு ஆறுதலே இல்லை என்பது அவர் செருப்பு மாட்டும்போதுதான் உறைத்தது.

நவம்பர் 1, புதன்
இல்லை. ஐந்து மணிப் பையனின் அப்பாவுக்கு அனுப்பிய மெசேஜில் இரண்டு நீல டிக். அதில் நான் ஃபீஸ் பற்றிப் பேசவே இல்லை.

நவம்பர் 4, சனி
ஒரு பிள்ளையின் பயிற்சி நோட்டில் ஏழு நாளும் "20 நிமிடம்", ஏழு நாளும் அம்மா கையெழுத்து, ஏழும் ஒரே பேனா, ஒரே சாய்வு. வாசலில் ஆட்டோ நிற்கும்போது போட்டிருப்பார்கள். நானும் ஏழு ஸ்டார் ஒட்டினேன். யாரை யார் ஏமாற்றுகிறோம்?

ஸ்டார் ஆறு வாரம் தாங்கும். அப்புறம் சாக்லேட். அதுவும் ஒரு மாதம். உருப்படியாக வேலை செய்வது ஒன்றுதான்: பாட்டின் கடைசி நாலு பாரை, அதாவது தாளக் கட்டத்தை, முதலில் சொல்லிக் கொடுப்பது. பிறகு அதற்கு முந்தைய நாலு. முன்பக்கத்திலிருந்து போனால் போகப் போகத் தெரியாத இடம் வந்து பயமாகிவிடுகிறது. பின்னாலிருந்து வந்தால், வாசிக்க வாசிக்கத் தெரிந்த தெருவுக்குள் நுழைகிற மாதிரி. வீட்டில் 61 கட்டை கீபோர்டில் தட்டிவிட்டு வந்து இங்கே விரல் வலிக்கிறது என்கிற பிள்ளைகள்கூட இதில் முடிவு வரை போகிறார்கள்.

புதன் ஐந்து மணிப் பையனுக்கு ஸ்டார் பிடிக்காது. சார்ட்டில் அவன் வரிசை காலி. ஆனால் ஒருநாள் சினிமாப் பாட்டு ஒன்றைக் காதாலேயே பிடித்துக்கொண்டு வந்தான். வலக்கை ஏ ஸ்வரத்தில் வந்து நிற்கும் இடத்தில், இடக்கையில் டி மைனர் என்கிற மூன்று ஸ்வரக் கூட்டைப் போடாமல் எஃப் மேஜர் போட்டான். இரண்டாவது வரியிலேயே நிறுத்தினேன். "முதல்ல ஸ்கேல் பயிற்சி."

முழுதாகக் கேட்டிருக்கலாம். மூன்று நிமிடம்தானே.

நவம்பர் 8, புதன்
டி ஒட்டுகிறது. பல்பு ஃபியூஸ்.

நவம்பர் 10, வெள்ளி
பியானோ கிரேடு தேர்வு ரிசல்ட். ஒரு மாணவிக்கு 84. டிஸ்டிங்ஷனுக்கு 87 வேண்டும். "அந்த மூணு மார்க் எங்க போச்சு மிஸ்?" என்று அவள் அம்மா கேட்டார். சோபாவில் கைப்பை தொலைந்துபோன மாதிரி சுற்றிப் பார்த்துக்கொண்டே கேட்டார். பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூறில் 66 மூன்று பாட்டுக்கு. ஒன்பது மாதம் அந்த மூன்றையே வாசித்தாள். எனக்கே அலுத்துவிட்டது, அவளுக்கு எப்படி இருந்திருக்கும். அதைச் சொல்லவில்லை. அடுத்த கிரேடு ஃபார்ம் எடுத்துக் கொடுத்தேன். கோழை.

நவம்பர் 12, ஞாயிறு
தீபாவளி. வெடிச் சத்தத்துக்குப் பியானோ தந்திகள் தானாக முனகுகின்றன. வலது பெடலை மிதித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டேன்.

நவம்பர் 15, புதன்
புதிதாக ஒருவர் புதன் ஐந்து மணி கேட்டார். இடமில்லை என்றேன்.

நவம்பர் 25, சனி
பத்து மணி, ஜி மேஜர் மினுவெட் ஆரம்பித்தாள். புத்தகத்தில் இன்னும் இசையமைத்தவர் பாக் என்றே போட்டிருக்கிறது. பாக் குடும்பத்து நோட்டுப்புத்தகத்தில் 1725 வாக்கில் எழுதி வைத்திருந்ததால் வந்த குழப்பம். உண்மையில் இசையமைத்தவர் பெட்சோல்ட் என்பது 1970களில்தான் தெளிவானது. இதை முன்பு ஒருநாள் புதன் பையனிடம் சொன்னபோது, "இவ்ளோ வருஷம் தப்பா போட்டாங்களே, யாரும் திட்டலையா மிஸ்?" என்று கேட்டான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு
நேற்று இரவிலிருந்து விடாத மழை. ஓட்டேரி நல்லா கால்வாய் நிரம்பி வழிகிறதாம். 41 வயதுக்காரர் மைத்துனரோடு வந்தார். நான் கூப்பிடவில்லை. கடப்பாரையும் காரின் ஜாக்கியும் வைத்துப் பியானோவை ஒவ்வொரு மூலையாகத் தூக்கி அடியில் இரண்டிரண்டு செங்கல். இருநூறு கிலோவுக்குக் குறையாது. இவர் இன்னும் சி மேஜரில் கட்டைவிரலை அடியில் கொண்டுபோகத் திணறுகிறவர். டீகூடப் போட முடியவில்லை, கேஸ் தீர்ந்துபோயிருந்தது.

டிசம்பர் 4, திங்கள்
காலையில் கரண்ட் போனது. மதியம் தண்ணீர் உள்ளே. முதல் செங்கல் முழுகி, இரண்டாவதில் பாதி. அம்மாவைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டேன். நோட்டுப்புத்தகங்கள் அலமாரியின் மேல்தட்டில். ஸ்டார் சார்ட் சுவரில் அப்படியே.

இருட்டியதும் அம்மா, "எதையாவது வாசியேன், தவளைச் சத்தம் தாங்கலை" என்றாள். கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கை அதுவாக அந்தச் சினிமாப் பாட்டுக்குப் போனது. ஏ-யில் வந்து நிற்கும் இடத்தில் டி ஒட்டிக்கொண்டது. எழவேயில்லை. வேறு வழியில்லாமல் எஃப் போட்டேன்.

தப்பே இல்லை. டி மைனரில் டி, எஃப், ஏ. எஃப் மேஜரில் எஃப், ஏ, சி. மூன்றில் இரண்டு ஸ்வரம் பொதுதானே, இதை எத்தனை பேருக்குப் பாடமாக எடுத்திருக்கிறேன். டி மைனர் போட்டால் அந்த இடம் அழும். அவன் அதை அழவிடவில்லை. அடுத்த வரிக்கும் ஏதோ யோசித்து வைத்திருந்திருப்பான். அது என்னவென்று எனக்குத் தெரியாது.

நாலு முறை வாசித்தேன். அம்மா தூங்கிவிட்டாள்.

டிசம்பர் 6, புதன்
தண்ணீர் வடிந்துவிட்டது. எங்கும் சேறு. கரண்ட் இல்லை. போனில் 9 சதவீதம். "எஃப் சரிதான்னு அவன்கிட்ட சொல்லுங்க" என்று டைப் செய்தேன். டவர் இல்லை.

டிசம்பர் 7, வியாழன்
போயிற்று. ஒரு டிக்.