ஏழு சென்டிமீட்டர் காரைக் காயலான் கடைக்கு அனுப்புவது எப்படி

பொம்மைக் கார்களை வைத்து ஒரு காயலான் கடை டயோராமா, அதாவது குட்டிக் காட்சியமைப்பு, செய்துகொண்டிருக்கிறேன். முதல் காரைச் சுத்தியலால் அடித்தேன். விபத்தில் சிக்கிய கார் வேண்டுமென்றால் ஒரு விபத்து நடந்தாக வேண்டுமே, அவ்வளவுதான் என் கணக்கு. இரண்டு அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது அடியில் கூரையைத் தாங்கும் தூண்கள் மூன்று ஒடிந்து, முன்பக்கம் பிஸ்கட் மாதிரி இரண்டாகப் பிளந்துவிட்டது. நான் எதிர்பார்த்த சொட்டை ஒன்றுகூட விழவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். இந்தக் குட்டிக் கார்களின் உடம்பு இரும்புத் தகடு கிடையாது. ஜமாக் என்கிற துத்தநாகக் கலவை, அதில் சுமார் 4 சதவீதம் அலுமினியமும் கொஞ்சம் செம்பும் மெக்னீசியமும் உண்டு. 400 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும் என்பதால் அச்சில் அழுத்தி வார்க்க வசதி, கதவு இடுக்கு வரை துல்லியமாக வரும். ஆனால் அது நெளியாது, ஒடியும். நிஜக் கார் மோதினால் தகடு கசங்கும், மடியும், சுருளும், நம் கண் விபத்து என்று அடையாளம் காண்பதே அந்த மடிப்பைத்தான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. உடைந்த கதவு ஓரத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்தால் 1.3 மி.மீ. கார் 1:64 அளவு, அதாவது நிஜக் காரில் 64இல் ஒரு பங்கு. 64ஆல் பெருக்கினால் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது, அது கார் இல்லை, கவச வண்டி. நிஜத் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. வீட்டில் இருக்கும் அலுமினிய ஃபாயில் சுமார் 0.016 மி.மீ., அதே கணக்குப்படி பெருக்கினால் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வருகிறது! இத்தனை நாளும் சரியான தகடு டிராயருக்குள் சுருட்டி வைத்திருந்திருக்கிறது, நான்தான் சுத்தியலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆக இரண்டாவது காரிலிருந்து முறை மாறியது. அடியில் பாடியையும் அடித்தட்டையும் பிணைக்கும் இரண்டு ரிவெட் இருக்கும். அவற்றின் நடுவில் பஞ்ச் வைத்து ஒரு குழி தட்டிவிட்டு, 3 மி.மீ. பிட்டால் மெதுவாகத் துளைத்தால் ரிவெட் தலை வளையம்போலக் கழன்று பிட்டோடு சுற்ற ஆரம்பிக்கும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். நான் நிறுத்தவில்லை, பிட் உள்ளே இறங்கி ரிவெட்டின் தண்டையே தின்றுவிட்டது, பிறகு அடிப்பாகத்தைப் பசை போட்டு ஒட்ட வேண்டியதாயிற்று. பாடி, கண்ணாடி, சீட், அடித்தட்டு, சக்கரம் எல்லாம் தனித்தனியாக வந்தபின் பெயின்ட் உரிப்பு. இங்கே ஒரு எச்சரிக்கை. காஸ்டிக் சோடாவில் ஊறப் போடாதீர்கள். துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அது கரைக்கும். நான் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கி, காலையில் பார்த்தால் உடம்பெல்லாம் கருத்து, அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். துரு தின்ற மாதிரி நன்றாகத்தானே இருக்கிறது என்று முதலில் சந்தோஷப்பட்டேன், ஆனால் கதவுக் கோடும் கிரில் கம்பிகளும் சேர்ந்தே காணாமல் போயிருந்தன. இப்போது பெயின்ட் ரிமூவர்தான், கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. மிகப் பழைய பொம்மையாக இருந்தால் பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூளைப் பறக்கவிட வேண்டாம்.

ஃபாயில் வேலைதான் இதில் எனக்குப் பிடித்த கட்டம். பாடியை வெட்டுவதற்கு முன்பே அதன் மேல் ஃபாயிலைப் போர்த்தி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதலில் சும்மா பளபளப்பாக இருக்கும். தேய்க்கத் தேய்க்க அடியிலிருந்து கதவுக் கோடு எழும்பி வரும், அப்புறம் கைப்பிடி, அப்புறம் சக்கர வளைவின் விளிம்பு. பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் கோடுகளை ஒருமுறை அழுத்திவிட்டு, ஓரத்தை பிளேடால் கீறி மெல்ல உரித்தால், கையில் ஒரு மட்கார்டு இருக்கும், மூச்சு விட்டால் பறக்கிற மாதிரி. உள்பக்கம் வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவி, அது முழுக்க இறுகுவதற்குள் நசுக்க வேண்டும். இறுகிய பின் நசுக்கினால் பசை வெடித்து உதிர்கிறது. தடவாமலே விட்டால் பெயின்ட் அடிக்கும்போது தூரிகை பட்டே வடிவம் போய்விடுகிறது.

பிறகு ஜமாக் பாடியிலிருந்து அந்த இடத்தை மட்டும் அறுத்து எடுத்து, மிச்ச விளிம்பை உள்பக்கமாக அரம் போட்டுச் சரிவாக மெலிய வைத்து, அங்கே ஃபாயில் மட்கார்டைப் பொருத்தினேன். வெளியிலிருந்து பார்த்தால் விளிம்பு மட்டும் தெரிவதால் எட்டு சென்டிமீட்டர் தடிமன் மறைந்துவிடுகிறது. அறுக்கும்போது முகமூடி, கண்ணாடி இரண்டும் போட்டுக்கொள்ளுங்கள். பானெட்டையும் ஃபாயிலிலேயே செய்தேன். நேருக்கு நேர் மோதிய காரில் பானெட் குறுக்காக நடுவில் மடிந்து கூடாரம் மாதிரி மேலே எழும்பும், அப்படி மடிவதற்கென்றே வடிவமைக்கிறார்கள். கண்டபடி கசக்கினால் கசங்கிய காகிதம் மாதிரிதான் இருக்கிறது. ஒரே ஒரு மடிப்பு, சரியான இடத்தில், அது போதும்.

இப்படி மூன்று கார் முடித்து, ரொம்பப் பெருமையாக, ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரி தம்பி, இதுல என்ஜின் இல்லன்னு காட்டியிருக்கீங்க. அப்ப மூக்கு ஏன் தொங்குது? என்ஜினை இறக்கிட்டா முன்னாடி ஸ்பிரிங் மேல கனம் ஏது? வண்டி தூக்கிக்கிட்டு நிக்கும்ல?"

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உடைந்த கார் என்றால் தலை குனிந்துதான் இருக்கும் என்று நானாக முடிவு கட்டியிருக்கிறேன். அவர் மேலும் சொன்னது இன்னும் முக்கியம். காயலான் கடையில் கிடக்கும் கார்களில் பல மோதி வந்தவை அல்ல, ஓடி ஓடித் தேய்ந்து வந்தவை, அங்கே வந்த பிறகுதான் அவற்றின் கோலம் மாறுகிறது. ஒருவன் ஹெட்லைட்டைக் கழற்றுவான், இன்னொருவன் ஒரு பக்கக் கதவை, பேட்டரி முதல் நாளே போயிருக்கும். அதாவது நான் உடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கழற்றிக்கொண்டிருக்க வேண்டும். அன்று முதல் ஒவ்வொரு காருக்கும் தாளில் நாலு வரி எழுதிக்கொள்கிறேன்: எப்படி வந்தது, எத்தனை வருஷமாகக் கிடக்கிறது, யார் எதைக் கழற்றினார்கள், எந்தப் பக்கம் வெயில். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம், ஆனால் வேலை பாதியாகக் குறைந்தது. கை எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடுகிறதே.

முன்பக்க அச்சுக்கு அடியில் அட்டைத் துண்டு வைத்து மூக்கைத் தூக்கினேன். ஒரு மில்லிமீட்டர்தான். நம்ப முடியாத வித்தியாசம்.

துருவுக்கு வருவோம். துத்தநாகம் சிவப்பாகத் துருப்பிடிக்காது, ஆகவே எல்லாமே நாம் பூசுவதுதான். என் முதல் முயற்சியில் உடம்பு முழுக்க ஒரே சீராக ஆரஞ்சு பூசி, கார் செம்மண் குட்டையில் புரண்ட எருமை மாதிரி நின்றது. துரு அப்படி வராது. தண்ணீர் எங்கே தேங்குகிறதோ அங்கே தொடங்கும்: கதவின் அடி ஓரம், சக்கர வளைவின் உள்விளிம்பு, முன் கண்ணாடியின் கீழ்க் கால்வாய், பின்னால் டிக்கி மூடும் பள்ளம். கூரையும் பானெட்டும் முதலில் வெயிலில் வெளுக்கும், துரு அங்கே பிறகுதான். நிறத்திலும் பழைய துரு கரும்பழுப்பு, ஆரஞ்சு என்பது புதிதாகக் கீறிய இடத்தில் மட்டும். பாட்டிலில் அழகாக இருக்கிறது என்று ஆரஞ்சை அள்ளிப் பூசினால் பொம்மைக் கார் பொம்மையாகவே நிற்கும்.

செய்முறை இதுதான். பிரைமருக்கு மேல் கரும்பழுப்பை ஸ்பாஞ்சால் ஒற்றி, ஆங்காங்கே இளம்பழுப்பு, காய்ந்ததும் மேட் வார்னிஷ். அதன் மேல் ஹேர் ஸ்பிரே இரண்டு அடுக்கு. அதற்கும் மேல் காரின் அசல் நிறம், அக்ரிலிக்கில், மெல்லியதாக. ஒரு இருபது நிமிஷம் கழித்துத் தண்ணீர் தொட்டு, கட்டையான தூரிகையால் தேய்த்தால் ஹேர் ஸ்பிரே கரைந்து மேல் நிறம் செதில் செதிலாகப் பெயரும். இந்தச் செதில் ஓரத்தைத் தூரிகையால் வரைந்து யாராலும் கொண்டுவர முடியாது. ஒரு நாள் கழித்துத் தேய்த்தேன், பாதிக்கு மேல் பெயரவே இல்லை, ஆகவே ஆரம்பித்தால் அன்றே முடித்துவிடுங்கள். கடைசியாக, இரும்பு நாரை உப்புத் தண்ணீரில் நனைத்துச் சில நாள் விட்டு, காயவைத்து, நசுக்கிச் சலித்த நிஜத் துருத் தூளை அடி ஓரங்களில் தட்டினேன். வார்னிஷ் பட்டதும் ஒரு படி கறுத்துவிடும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

துரு வழிந்த கோடுகளில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நேராக நிற்கும் காராக நினைத்துக் கோடுகளை மேலிருந்து கீழாக இழுத்துவிட்டு, டயோராமாவில் அதே காரைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தேன். கோடெல்லாம் தரைக்குக் கிடையாக ஓடுகிறது. அழிக்க மனமில்லாமல், நிற்கும்போது துருப்பிடித்தது, பிறகு யாரோ அடியில் எதையோ கழற்றக் கவிழ்த்தார்கள் என்று கதையை மாற்றி எழுதி, கீழ்நோக்கிப் புதிதாக இரண்டே இரண்டு ஆரஞ்சுக் கோடு சேர்த்தேன். இப்போது எல்லாவற்றிலும் நிஜமாகத் தெரிவது அந்தக் கார்தான்.

கண்ணாடியில் ஒரு விஷயம் மட்டும். முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது, உடைந்தாலும் சிலந்தி வலை மாதிரி கீறி அங்கேயே நிற்கும். பக்கக் கண்ணாடி பொதுவாகக் கட்டி கட்டியாக உதிர்ந்துவிடும். ஆகவே முன்னால் மட்டும், கார் வந்த பெட்டியின் ஒளிபுகும் பிளாஸ்டிக்கை வெட்டி, ஊசியால் ஒரு புள்ளியிலிருந்து கீறினேன். பக்கத்தில் வெறும் ஓட்டை. சீட்டில் சிதறிய துகளுக்கு உப்பைத் தூவிப் பார்த்தேன், 1:64இல் உப்புக் கல்லே பெரிய கட்டியாகிவிடுகிறது. அதே பிளாஸ்டிக்கை அரத்தில் தேய்த்து வந்த தூள் சரியாக இருந்தது.

டயர் எல்லாம் கெட்டிப் பிளாஸ்டிக். அடியைக் கொஞ்சம் அரம் போட்டுத் தட்டையாக்கினால் காற்று இறங்கியதாகிவிடும், வேறு வித்தை ஒன்றும் தேவையில்லை.

இதுவரை ஏழு கார், தரை இன்னும் போடவில்லை. நேற்று நண்பர் மறுபடி வந்தார். மூக்கு தூக்கியிருந்ததைப் பார்த்துத் தலையாட்டினார், எனக்கு அதுவே போதும். போகிறபோது பானெட் இல்லாத நீலக் காரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "பானெட்டைக் கழட்டியிருக்காங்க சரி, போல்ட் ஓட்டை எங்க தம்பி?" என்றார். 0.3 மி.மீ. பிட்டைக் கையால் உருட்டித் துளை போட்டுக்கொண்டிருக்கிறேன். நாலில் இரண்டு முடிந்தது, பிட் ஒன்று ஒடிந்தது.