21 மதிப்பெண் 16 ஆன கதை

போன மாதம் மகனை ஆஸ்துமா பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். ஐந்து வயது, பாலர் பள்ளியில் கே1 படிக்கிறான். போகும்போதே எனக்கு ஒரு நப்பாசை, இந்த முறை டாக்டர் மருந்தைக் குறைத்துவிடுவார் என்று. ஆறு மாதமாக அவசரப் பிரிவுப் பக்கம் போகவில்லை, நெஞ்சில் விசில் மாதிரி வரும் அந்தச் சத்தமும் என் காதில் விழவில்லை, அப்புறம் என்ன?

போனதும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். சி-ஆக்ட் என்கிறார்கள், 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கானது, ஏழே கேள்வி. முதல் நான்குக்குப் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டும். அழுகிற முகத்தில் தொடங்கிச் சிரிக்கிற முகம் வரை நான்கு படம் இருக்கும், ஒன்றைத் தொட்டால் போதும். மீதி மூன்று நமக்கு. கடந்த 4 வாரத்தில் பகலில் எத்தனை நாள் தொந்தரவு, எத்தனை நாள் இழுப்பு, எத்தனை ராத்திரி அதனால் எழுந்தான். மொத்தம் 27 மதிப்பெண். 19 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம்.

ஓடும்போது விளையாடும்போது எவ்வளவு கஷ்டம் என்ற கேள்விக்கு, அவன் அழுகிற முகத்துக்கு அடுத்த முகத்தைத் தொட்டான். "டேய், நல்லாத்தானே ஓடுற" என்று நான் வாயெடுத்ததும் தாதி சிரித்துக்கொண்டே கையைக் காட்டி நிறுத்தினார். கேள்வியை வாசித்துக் காட்டலாமாம், பதிலை நாம் சொல்லித்தரக் கூடாதாம். அவன் 7, நான் 14. ஆக 21. பாஸ்!

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார், ராத்திரி இவன் யாரோடு படுக்கிறான் என்று.

பாட்டியோடு, அதாவது என் அம்மாவோடு. எனக்கும் கணவருக்கும் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டிய வேலை, அதனால் இரண்டு வருடமாக அவன் படுப்பது என் அம்மாவின் அறையில்தான். அங்கேயே வாட்ஸ்அப்பில் அம்மாவைக் கூப்பிட்டேன். "வாரத்துல ரெண்டு ராத்திரி எழுந்து இருமுவான்மா. சுடுதண்ணி குடுத்து முதுகைத் தேய்ச்சா தூங்கிடுவான். நீ காலையில வேலைக்கு ஓடணும், உன்னை எதுக்கு எழுப்பணும்னு விட்டுட்டேன்." பாலர் பள்ளியிலிருந்து வந்த பிறகும் பாதி நாள் இருமுகிறானாம், சிரித்தாலே இருமல் வருகிறதாம். என் 14 அந்த இரண்டு நிமிடத்தில் 9 ஆனது. மொத்தம் 16.

எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதினால் நாகரிகமாகத்தான் இருக்கும், உண்மையில் முதலில் வந்தது அம்மாமேல் கோபம்.

இந்த வயதில் ஊதிப் பார்க்கும் கருவியை நம்பி எதுவும் சொல்வது கஷ்டம், சின்னப் பிள்ளைகளுக்குச் சரியாக ஊதத் தெரியாது. வீட்டில் பார்த்ததைத்தான் டாக்டரும் நம்பியாக வேண்டும். ஜினா என்ற உலகளாவிய வழிகாட்டி 5 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்கு நான்கு விஷயத்தைப் பார்க்கச் சொல்கிறது, அதுவும் கடைசி 4 வாரத்துக்கு: பகல் தொந்தரவு வாரத்தில் ஒரு தடவைக்கு மேல் வருகிறதா, நிவாரண மருந்து, அதாவது அந்த நீல பஃப், வாரத்தில் ஒரு தடவைக்கு மேல் தேவைப்படுகிறதா, ஆஸ்துமாவால் ராத்திரி இருமலோ விழிப்போ ஒரு தடவையாவது உண்டா, ஓடியாடுவது குறைந்திருக்கிறதா. ஒன்றோ இரண்டோ இருந்தால் பாதிக் கட்டுப்பாடு, மூன்று நான்கு என்றால் கட்டுப்பாடே இல்லை. எங்களுக்கு நீல பஃப் தவிர மூன்றும் இருந்தது.

அந்த நான்காவதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் "எவ்வளவு அமைதியான பிள்ளை" என்பார்கள், நானும் பெருமையாகத் தலையாட்டுவேன். புளோக்குக்குக் கீழே மற்ற பிள்ளைகள் ஓடிப்பிடிக்கும் கேட்சிங் விளையாடும்போது இவன் ஊஞ்சலில் உட்கார்ந்து யார் அவுட் என்று சொல்லிக்கொண்டிருப்பான், நடுவராம். சுபாவம் என்று நினைத்தேன். மூச்சு வாங்கும் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது, அதனால் ஓடாமலே சமாளித்திருக்கிறான். ஓடாத பிள்ளைக்கு எப்படி இழுப்புச் சத்தம் வரும்?

மருந்தை உடனே கூட்டுவார் என்று பயந்தேன். அவர் தடுப்பு மருந்துக் குப்பியை, அதாவது தினமும் கொடுக்க வேண்டிய ஸ்டீராய்டு பஃப்பை, கேட்டு வாங்கி, பின்னால் இருக்கும் எண்ணைப் பார்த்தார். 120 பஃப் உள்ள குப்பி, காலை இரண்டு மாலை இரண்டு, 30 நாளில் தீர்ந்திருக்க வேண்டும். வாங்கி இரண்டு மாதம், இன்னும் 40 மிச்சம். காலையில் நான் கொடுக்கிறேன், அவசரத்தில் சில நாள் விட்டுப்போகும். மாலையில் அம்மா பொறுப்பு. இழுப்பு இல்லாத நாளில் பிள்ளைக்கு எதற்கு ஸ்டீராய்டு என்று அவராகவே நிறுத்தியிருக்கிறார். இழுப்பு வராமல் இருக்கத்தான் அது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, நான் உட்பட. அதனால் மருந்து அதேதான், ஒழுங்காகக் கொடுத்துவிட்டு ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகைக்கும் தடை வந்தது, அதில் அம்மாவுக்கு இன்னும் வருத்தம், அது தனிக் கதை.

இப்போது குளிர்சாதனப் பெட்டிமேல் ஒரு நாள்காட்டி ஒட்டியிருக்கிறோம். இருமிய ராத்திரிக்கு அம்மா ஒரு கோடு போடுவார், மாலை பஃப்புக்கு ஒரு புள்ளி. முதல் வாரம் மூன்று கோடு, இந்த வாரம் இதுவரை ஒன்று. அடுத்த முறை அம்மாவும் வருகிறார், நாள்காட்டியைக் கழற்றிக் கையோடு எடுத்துவருவாராம்.