போதகரிடம் நாங்கள் மறைத்ததும், அவர் எங்களிடம் மறைத்ததும்

"முன்பிருந்த போதகர் ஏன் போனார்?" என்று, எங்கள் சபைக்கு வரவிருந்த போதகர் கேட்டபோது, கமிட்டியின் செயலாளராக இருந்த நான் "குடும்பச் சூழ்நிலை" என்று பதில் சொன்னேன். அது பொய். ஆலயக் கட்டடத்துக்கு வாங்கிய கடனைப் பற்றி இரண்டு மூத்த குடும்பங்களுக்குள் எழுந்த சண்டையில், எந்தப் பக்கமும் சேராமல் நின்று, மூன்று மாதச் சம்பளமும் நிலுவையாகி, அவர் மனம் நொந்து விலகினார் என்பதே நடந்தது.

1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனின் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் பகுதியாயின. அங்கே ஆயர்கள் எனப்படும் போதகர்களைப் பேராயரே நியமிக்கிறார், இடமும் மாற்றுகிறார். திருமங்கலம் சாலையில் இருக்கும் எங்களைப் போன்ற தனிச் சபைக்கு அந்த ஏற்பாடு இல்லை. ஒரு ஞாயிறு பிரசங்கத்தையும், ஒரு மாலை நேரப் பேச்சையும் வைத்தே முடிவெடுக்கிறோம் என்பதால், அந்தப் பேச்சில் சொல்லப்படுவது முழுவதும் உண்மையாக இருக்க வேண்டியது எங்களுக்கு மற்றவர்களைவிட அவசியம்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து என்று நம் ஊரில் சொல்வார்கள். அந்த வழக்கத்தை நாங்கள் ஆலயத்துக்குள்ளும் கொண்டுவந்தோம். புதிதாக வந்த போதகரும் ஒன்றை மறைத்திருந்தார். குழந்தை ஞானஸ்நானத்தை அவர் ஏற்பதில்லை. எங்களில் பாதிக் குடும்பங்கள் அதில் வளர்ந்தவர்கள் என்பது அவருக்குத் தெரியும். நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வந்த நான்காம் மாதம் ஓர் இளம் தம்பதி தங்கள் முதல் பிள்ளையைக் கொண்டுவந்தபோது, வளர்ந்து தானே விசுவாசித்தவருக்குத் தண்ணீரில் மூழ்கவைத்துத் தரும் முழுக்கு ஞானஸ்நானம் மட்டுமே தருவேன் என்றார். "வந்த பிறகு கற்றுக்கொடுத்துச் சரிசெய்யலாம் என்று நினைத்தேன், ஐயா" என்று பின்னால் என்னிடம் வருந்திச் சொன்னார். நானும் கடனைப் பற்றி அப்படியேதான் நினைத்திருந்தேன். 'தேவன் பார்த்துக்கொள்வார்' என்ற சொல்லை இருவருமே சொல்ல வேண்டியதைச் சொல்லாமலிருக்கப் பயன்படுத்தினோம். விசுவாசத்தை இப்படிப் பயன்படுத்தியது என்னை இன்றும் வருத்துகிறது. ஓராண்டுக்குள் அவர் போய்விட்டார், அந்தத் தம்பதியும் வேறு சபைக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த போதகர் வந்து பேசிய மாலையில், தேநீர் கொடுப்பதற்கு முன்பே வரவுசெலவுப் புத்தகத்தையும், கடன் பாக்கிச் சீட்டையும், சண்டை நடந்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பேட்டையும் அவர் முன் வைத்தேன். மூத்தவர் ஒருவர் முகம் சுளித்தார். போதகர் ஒவ்வொரு பக்கமாக நிதானமாக வாசித்தார். வாசித்து முடித்தபின், தாம் முந்தைய சபையிலிருந்து நல்லபடியாக விலகவில்லை என்றும், தம் பக்கத்துக் கதையை மட்டும் கேட்டு முடிவெடுக்க வேண்டாம் என்றும் சொல்லி, அந்தச் சபைச் செயலாளரின் எண்ணைத் தம் கையாலேயே எழுதித் தந்தார். அன்றிரவே நான் அழைத்துப் பேசினேன்.