ரவுட்டரை மாற்றப் போய் டேலியைத் தொலைத்த கதை

நான் ஐடிக்காரன் இல்லை. திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். பிரிண்டர் மக்கர் செய்தால் தட்டிக் கொட்டி ஓட வைத்துவிடுவேன் என்பதால் எனக்கு "சிஸ்டம் தெரிஞ்ச தம்பி" என்று பெயர் வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில்தான், புது ஃபைபர் இணைப்பு வந்தபோது பழைய ரவுட்டரைக் கழற்றிப் புதியதை நானே மாட்டினேன்.

ஐந்து கம்ப்யூட்டர், அதில் ஒன்றுக்கு சர்வர் என்று பெயர். பெயர்தான் சர்வர், சாதாரண விண்டோஸ் 10 பெட்டி. கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலி ஈஆர்பி 9-இன் டேட்டா, அதாவது எங்கள் கிளையன்ட் கம்பெனிகளின் கணக்கு எல்லாம் அதில்தான், மற்ற நான்கும் 192.168.1.10 என்ற முகவரியில் அதைத் தேடிப் போகும். புது ரவுட்டர் எல்லோருக்கும் 192.168.0 என்று தொடங்கும் முகவரியைக் கொடுத்தது. சர்வருக்கு மட்டும் யாரோ எப்போதோ கையால் முகவரி போட்டு வைத்திருந்ததால் அது பழைய தெருவிலேயே நின்றுவிட்டது. டேட்டா எங்கேயும் போகவில்லை, அதைக் கூப்பிடத்தான் வழியில்லை. ரவுட்டரின் முகவரியை 192.168.1.1 என்று மாற்றியிருந்தால் இரண்டு நிமிட வேலை.

இது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. ரவுட்டர் மாற்றிய அன்று தேதி 8, பதினொன்றாம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்கிற ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், "ஏந்தம்பி, ஒரு கம்பெனியும் காணோமே" என்று ஆபீஸ் அக்கா பின்னால் நிற்கிறார். நான் இது பெர்மிஷன் பிரச்சினை என்று முடிவு கட்டி, சர்வரில் புதிதாக ஒரு யூசர் உருவாக்கி, இரண்டு இருந்தால் குழப்பம் என்று பழைய யூசரை அழித்தேன். ஃபைல்களை வைத்துக்கொள்ளவா, அழிக்கவா என்று அது கேட்கத்தான் செய்தது. டேலி ஃபோல்டர் டி டிரைவில் இருக்கிறது என்ற நினைப்பில் அழி என்று கொடுத்தேன். அது இருந்தது அந்த யூசரின் டாக்குமெண்ட்ஸுக்குள்.

ரீசைக்கிள் பின் காலி, அந்த வழியில் அழித்தால் அங்கே போகாது. முந்தைய பதிப்பு ஏதாவது இருக்குமா என்று பார்த்தால் சிஸ்டம் ரெஸ்டோரே ஆன் செய்யப்படவில்லை. கை நடுங்க ஒரு ரெக்கவரி சாஃப்ட்வேரை அதே கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டே கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நண்பனுக்குப் போன் செய்தேன். கேட்டதும் கத்தினான்: "மாப்ள, முதல்ல ஒயரைப் பிடுங்கு! அதுல இனி ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது."

அவன் சொன்னதன் அர்த்தம் இதுதான். அழித்த ஃபைல் உடனே மறைவதில்லை, அந்த இடம் காலி என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். அதன்மேல் வேறு ஏதாவது எழுதும்வரை உள்ளே கிடக்கும். நான் இறக்கிய சாஃப்ட்வேரே அந்த இடத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். இதுவும் பழைய ஹார்ட் டிஸ்க் என்பதால்தான். எஸ்எஸ்டியாக இருந்தால் டிரிம் என்று ஒன்று உண்டு, அழித்த கொஞ்ச நேரத்தில் சுத்தமாகத் துடைத்துவிடும். எஸ்எஸ்டி வாங்கலாம் என்று போன மாதம் கேட்டபோது "இப்ப எதுக்குப்பா செலவு" என்று சொன்ன ஆடிட்டர் சாரின் கஞ்சத்தனத்தை அன்று மனதாரக் கும்பிட்டேன்.

டிஸ்க்கைக் கழற்றி அவன் கடையில் இன்னொரு மெஷினில் மாட்டி, மீட்டதை எல்லாம் வேறு டிஸ்க்கில் எழுதும்படி வைத்து, ராத்திரி முழுக்க ஸ்கேன் ஓடியது. முதலில் ஃபோட்டோரெக் என்ற ரெக்கவரி சாஃப்ட்வேரைப் போடலாமா என்று நான் கேட்டேன், அது ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்துத் தேடுவதால் பெயர் எல்லாம் போய் வெறும் எண்தான் மிஞ்சும், டேலிக்குப் பெயரும் ஃபோல்டரும் அப்படியே வேண்டும் என்றான். அதனால் எந்த ஃபைல் எங்கே என்று விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பு டிஸ்க்கில் எழுதி வைக்கும் பட்டியலைப் படிக்கிற சாஃப்ட்வேரை ஓட்டினோம். விடிகாலையில் 10000, 10001 என்று ஐந்து இலக்க ஃபோல்டர்கள் வரிசையாக வந்தபோது டீ வாங்கப் போன எனக்கு அவன் போனிலேயே படித்துக் காட்டினான்.

டேலி ஃபோல்டரில் கம்பெனி பெயர் இருக்காது, எண்தான். 37 கம்பெனிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசி வவுச்சர், அதாவது கடைசியாகப் போட்ட பதிவின் தேதியைப் பார்த்து டிக் அடித்தோம். 34 ஒழுங்காகத் திறந்தன, இரண்டு, டேலியிலேயே கன்ட்ரோல், ஆல்ட், ஆர் அடித்து டேட்டாவைச் சரிசெய்யும் ரீரைட்டை ஓட்டியபின் பிழைத்தன. ஒன்று தேறவில்லை, உள்ளே பாதி வேறு ஏதோ. நான் இறக்கிய சாஃப்ட்வேராகத்தான் இருக்க வேண்டும். அது ஒரு பனியன் கம்பெனியுடையது, பில்லும் அதிகம். போன மாதம் 27ஆம் தேதி எடுத்த பேக்கப் ஒரு பென்டிரைவில் கிடைத்தது.

சாரிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டவில்லை, "பத்தாம் தேதிக்குள்ள முடிச்சிருவீங்களா?" என்று மட்டும் கேட்டார், திட்டியிருக்கலாம். மீதி 12 நாள் பில்லை நான் வாசிக்க வாசிக்க அக்கா டைப் அடித்தார். பத்தாம் தேதி ராத்திரி ஒன்பதரைக்குக் கடைசி பில். சர்வருக்குப் பக்கத்துச் சுவரில் 192.168.1.10 என்று மார்க்கரில் பெரிதாக எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.